103 வருட இடைவெளி: நுங்கம்பாக்கத்திலிருந்து காவலூர் வரை ஒரு சிறுகோள் வேட்டை

1988 பிப்ரவரி 17, புதன்கிழமை, மாசி அமாவாசை. நிலா இல்லாத அந்த இரவில், ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த வானப் படத்தில், அதுவரை உலகத்தில் யாருடைய கணக்கிலும் வராத ஒரு புள்ளி விழுந்தது. பிற்பாடு அதற்கு 4130 என்ற எண்ணும் ராமானுஜன் என்ற பெயரும் கிடைத்தன. இந்திய மண்ணிலிருந்து அதற்கு முந்தைய நூற்றாண்டில் கடைசியாக ஒரு புதிய சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றும் சின்னப் பாறை, கண்டுபிடிக்கப்பட்டது 1885 பிப்ரவரி 6 அன்று, சென்னை நுங்கம்பாக்கத்தில். நடுவில் 103 வருடம் போயிருக்கிறது.

"காவலூரில் ராமானுஜன் பெயரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள்" என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், பொது அறிவுப் புத்தகங்களிலும் அந்த ஒரு வரிதான். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. ஏன் 103 வருடம்? வானம் அதே வானம், கண்களும் இருந்தன, நல்ல தொலைநோக்கிகளும் வந்துவிட்டன, அப்புறம் ஏன்? 1988இல் மட்டும் என்ன மாறியது? இதை முழுசாகப் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நுங்கம்பாக்கத்து ஐந்து

மதராஸ் வானாய்வகம் 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் வைத்த கூடமாகத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. கருவியை ஆடாமல் நிறுத்த அங்கே நட்ட கருங்கல் தூண் இன்றும் வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. சுமார் 15 அடி உயரம், 10 டன் எடை. ஆசியாவில் கணித அறிவியல்கள் எப்போது ஊன்றப்பட்டன என்பதை ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்ற செய்தியை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள், தமிழிலும் தெலுங்கிலும்கூட. ஏதோ இவர்கள் வரும்வரை இங்கே யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்காத மாதிரி எழுதியிருக்கிறதே என்று அதன் தொனியில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் அந்தத் தூணை எனக்குப் பிடிக்கும்.

அந்த வளாகத்துக்கு 1861இல் வந்து சேர்ந்தவர் நார்மன் போக்சன். வரும்போதே பெயர் பெற்றவர். ஆக்ஸ்போர்டில் 1856இலும் 1857இலுமாக ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா என்று மூன்று சிறுகோள்களைப் பிடித்திருந்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தைச் சொல்ல இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல், அதாவது ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்கிற கணக்கு, இவருடையது. அதையும் இவர் முன்வைத்தது சிறுகோள்கள் எந்த மாதம் எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்று அட்டவணை போடும்போதுதான். மதராஸுக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று, ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். 67ஆவது எண். இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் ஆசியா என்றே பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்திலும் அந்தப் பெயரில் ஒருத்தி இருக்கிறாள் என்பதால் அந்தக் காலத்து மரபுக்கும் அது பொருந்திப் போனது.

அவர் அதை எப்படிக் கண்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேமரா கிடையாது. தொலைநோக்கியில் பார்த்தால் சிறுகோளும் நட்சத்திரமும் ஒரே மாதிரி ஒரு புள்ளி. நிறத்தை வைத்தோ வடிவத்தை வைத்தோ பிரிக்க முடியாது. அதனால் முதலில் வானத்தின் ஒரு சின்னக் கட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் கண்ணுக்குப் படும் ஒவ்வொரு மங்கலான நட்சத்திரத்தையும் படத்தில் குறித்து வைக்க வேண்டும். அப்புறம் வேறொரு நாள் இரவு அதே கட்டத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பி, படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும், அதுவும் மங்கிய விளக்கொளியில், இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடாமல். படத்தில் இல்லாத ஒரு புள்ளி வானத்தில் இருந்தால் சந்தேகம் வரும். நான் அன்றைக்குக் குறிக்காமல் விட்டேனா? ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீனா? ஏற்கெனவே தெரிந்த சிறுகோள் ஏதாவது இந்தப் பக்கம் வந்திருக்கிறதா? பதில் அன்றைக்குக் கிடைக்காது. அடுத்த இரவு மேகம் இல்லாமல் இருந்து, அந்தப் புள்ளி நகர்ந்திருந்தால்தான் அது சிறுகோள். சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள பட்டையின் சிறுகோள்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ கால் டிகிரி நகரும், அதாவது முழு நிலாவின் அகலத்தில் பாதி. அந்த நகர்வைப் பார்க்கத்தான் இத்தனை பாடு.

இந்த முறையில் போக்சன் மதராஸிலிருந்து ஐந்து பிடித்தார்: 1861இல் ஆசியா, 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, கடைசியாக 1885இல் வேரா. இதில் சில்வியாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. சுமார் 270 கி.மீ. அகலம் உள்ள பெரிய பாறை அது. ரோமாபுரிக் கதையில் ரோமுலஸ், ரெமுஸ் என்ற இரட்டையரைப் பெற்ற ரேயா சில்வியாவின் பெயர். 2001இல் அந்தச் சிறுகோளுக்கு ஒரு துணைக்கோள் இருப்பது தெரிந்தது. 2004இல் எடுத்த படங்களில் இரண்டாவதும் கிடைத்தது. இரண்டு நிலாக்கள் உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் உலகத்துக்குத் தெரியவந்தது இதுதான், அந்த நிலாக்களுக்கு ரோமுலஸ், ரெமுஸ் என்றே பெயரும் வைத்தார்கள். பிற்பாடு கமில்லாவுக்கும் இரண்டு துணைக்கோள்கள் இருப்பது தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் கிடைத்த ஐந்தில் இரண்டு இப்படி நிலாக்களோடு சுற்றுகின்றன.

போக்சன் தனியாள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கே உதவியாளராக இருந்தார். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர், லண்டனின் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர். போக்சனின் மகள் ஐசிஸ் பல வருடங்கள் அங்கே உதவியாளராக வேலை பார்த்தார். 1886இல் அதே கழகத்தின் உறுப்பினர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தார்கள், பெண் என்பதால் அது நடக்கவில்லை, கடைசியில் 1920இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

நின்றுபோன வேலை

1891 ஜூனில் போக்சன் காலமானார். அதே வருடம் டிசம்பரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மேக்ஸ் வோல்ஃப் ஒரு சிறுகோளைப் புகைப்படம் மூலமாகவே கண்டுபிடித்தார், 323ஆவது எண், புரூசியா. கேமராவை வானத்தோடு சேர்த்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே மணிக்கணக்கில் ஒளியை வாங்கினால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழும், நடுவில் நகர்ந்த சிறுகோள் ஒரு சின்னக் கோடாக விழும். கண்ணால் ஒப்பிட்டுத் தேடும் காலம் அன்றோடு முடிந்தது. சிறுகோள் எண்ணிக்கை அதற்குப் பிறகு மளமளவென்று ஏறியது.

இங்கே வேலை வேறு பக்கம் திரும்பியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்று அரசாங்கம் யோசிக்கத் தொடங்கி, சூரியனைத் தொடர்ந்து ஆராய ஓர் இடம் வேண்டும் என்று முடிவானது. கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். 1899இல் மதராஸின் வானியல் வேலை மலையேறிவிட்டது. பசியிலிருந்து பிறந்த முடிவு அது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கொடைக்கானலில் பிறகு நடந்த சூரிய ஆராய்ச்சி உலகத் தரமானது.

சரி, புகைப்படக் கருவி இந்தியாவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பல வருடங்கள் வானத்தைப் படம் பிடித்து ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை அளந்தார்கள். அது உலக நாடுகள் பங்கு போட்டுக்கொண்ட நட்சத்திரப் பட்டியல் வேலை. அசையாத நட்சத்திரங்களுக்குத்தான் அங்கே மதிப்பு. இந்த இடைவெளிக்கு என்ன காரணம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: கருவியும் ஆளும் இருந்தும், நகரும் புள்ளியைத் தேடுவது யாருடைய வேலையாகவும் இல்லை. சிறுகோள் வழியில் போகும்போது தட்டுப்படும் பொருள் கிடையாது. அதையே வேலையாக வைத்துக்கொண்டு, ஒரே கட்டத்துக்கு மறுநாளும் திரும்பி வருகிறவருக்குத்தான் அது கிடைக்கும்.

காவலூர்

அந்த நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவரின் மகன் வைணு பாப்பு. 1949இல் அமெரிக்காவில் ஹார்வர்டில் மாணவராக இருக்கும்போது, தான் எடுத்த ஒரு வானப் படத்தை உற்றுப் பார்த்து ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்; பாப்பு, பாக், நியூகர்க் என்று மூன்று பேர் பெயரில் அது இருக்கிறது. அவர்தான் 1960களின் கடைசியில் காவலூரைத் தேர்ந்தெடுத்து, சொந்தமாகச் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியை வைத்து வேலையைத் தொடங்கினார்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மேலே ஏறினால் காட்டுக்கு நடுவில் அந்த வெள்ளைக் கூரைகள் தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர்தான், பெரிய உயரம் இல்லை. ஆனால் வடக்கே பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தெற்கு வானத்திலும் பெரும்பகுதி தெரியும், சூரியனும் கோள்களும் சிறுகோள்களும் போகும் ராசிப் பாதை கிட்டத்தட்ட தலைக்கு நேரே வரும். சிறுகோள் தேடுகிறவருக்கு இது பெரிய வரம், ஏனென்றால் தலைக்கு மேலே பார்க்கும்போதுதான் காற்று மண்டலத்தின் தொந்தரவு குறைவு. குறை என்றால் மேகம். ஜூனிலிருந்து வருடக் கடைசி வரை இரண்டு பருவமழையும் இரவுகளைத் தின்றுவிடும், அதற்குப் பிறகு சித்திரை வரை நல்ல வானம்.

1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்து அதற்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். முழுக்க முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. பாப்பு 1982லேயே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவ்வளவு பெரிய தொலைநோக்கி வந்து இரண்டு வருடத்தில் சிறுகோள் கிடைத்ததால் அதில்தான் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரிய தொலைநோக்கி வானத்தின் மிகச் சின்னத் துண்டை மிக ஆழமாகப் பார்க்கும். எங்கே இருக்கிறது என்றே தெரியாத பொருளைத் தேட அகலமான பார்வை வேண்டும், அதற்குத்தான் ஷ்மிட் வகை. முன்னால் ஒரு திருத்தக் கண்ணாடி, பின்னால் உருண்டை வளைவுள்ள ஆடி, ஒரே படத்தில் வானத்தின் பெரிய பரப்பு கூர்மை கெடாமல் விழும்.

1987இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆர். ராஜமோகன் தலைமையில் சிறுகோள்களையும் வால் நட்சத்திரங்களையும் தேடவென்றே ஒரு திட்டம் தொடங்கியது. கல்கி என்று பெயர் வைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை 103 வருட இடைவெளி முடிந்தது அந்த வருடம்தான். 1988 பிப்ரவரி அதன் விளைவு.

இந்த வகைத் தேடல் பொதுவாக எப்படி நடக்கும் என்று பார்ப்போம். வானத்தின் ஒரே பகுதியைக் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு முறை படம் எடுப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிறுகோள் நகர்வது நிலாவின் அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான், படத்தில் அது ஒரு மயிரிழை. இரண்டு படங்களையும் ஒரு கருவியில் பொருத்தி, ஒரே கண்வில்லையில் இதையும் அதையும் சட்சட்டென்று மாற்றிக் காட்டினால், ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் ஆணி அடித்த மாதிரி நிற்க, ஒன்று மட்டும் இங்கே, அங்கே, இங்கே, அங்கே என்று துள்ளும். தூசி, படத்தின் ரசாயனப் பூச்சில் விழுந்த கீறல், பூச்சுக் குறை எல்லாமும் புள்ளி மாதிரி ஏமாற்றும், ஆனால் அவை ஒரு படத்தில் வந்து மறுபடத்தில் மறையும், இடம் மாறித் துள்ளாது. துள்ளும் புள்ளி கிடைத்ததும் அதைச் சுற்றியுள்ள தெரிந்த நட்சத்திரங்களை வைத்து இடத்தைத் துல்லியமாக அளந்து, ஏற்கெனவே பதிவான ஏறத்தாழ நாலாயிரம் சிறுகோள்களில் ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் சிறுகோள் மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

எண்ணும் பெயரும்

அங்கிருந்து வந்தது ஒரு தற்காலிக அடையாளம்: 1988 டிகியூ1. பார்க்க ரகசியக் குறி மாதிரி இருந்தாலும் படிக்கத் தெரிந்தால் எளிது. ஒவ்வொரு மாதத்தையும் இரண்டாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளை வரிசையாகக் கொடுப்பார்கள், டி என்றால் பிப்ரவரியின் பின்பாதி. அடுத்த எழுத்து அந்தப் பாதியில் எத்தனையாவது என்று சொல்லும். ஐ என்ற எழுத்தைத் தாண்டி எண்ணினால் கியூ பதினாறாவது. பக்கத்தில் இருக்கும் 1 என்பது 25 எழுத்துகள் ஒரு சுற்று முடிந்துவிட்டது என்பதற்கு. ஆக அந்தப் பாதி மாதத்தில் பதிவான 41ஆவது பொருள்.

இதற்கு மேல்தான் பொறுமை. ஒரு இரவில் பார்த்ததை வைத்துச் சுற்றுப்பாதை போட முடியாது. சில வாரங்கள் பார்த்தால் குத்துமதிப்பாக ஒரு பாதை கிடைக்கும், அதோடு சிறுகோள் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். திரும்பி வரும்போது கணித்த இடத்தில் அதைப் பிடித்து, அதற்கு முன்னால் வேறு யாராவது எடுத்த பழைய படங்களில் தெரியாமல் விழுந்திருக்கிறதா என்றும் தேடி, இப்படிப் பல சுற்றுகளின் தகவல் சேர்ந்த பிறகுதான் நிரந்தர எண். எண் கிடைத்தால்தான் பெயர் வைக்கும் உரிமை.

இந்த இடத்தில் காவலூரின் பட்டியலே ஒரு நல்ல பாடம் சொல்லித் தருகிறது. ராஜமோகன் பெயரில் பதிவான இன்னொரு சிறுகோள் 1988 ஜனவரி 26 அன்று பார்த்தது, அதாவது ராமானுஜனுக்கு மூன்று வாரம் முன்னால். தற்காலிக அடையாளம் 1988 பிஎக்ஸ். ஆனால் அதன் நிரந்தர எண் 8348, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தள்ளி. முன்னால் பார்த்தது பின்னால் எண் வாங்கியிருக்கிறது, ஏனென்றால் எண் வரிசை யார் முதலில் கண்ணில் பட்டது என்பதற்கு இல்லை, யாருடைய பாதை முதலில் உறுதியானது என்பதற்கு. "104 வருடம் கழித்து முதல் சிறுகோள்" என்று ராமானுஜனைக் குறித்து எழுதுகிறார்கள். வருடக் கணக்கு 103தான் வருகிறது, நாள் கணக்கு பார்த்தால் ஜனவரிப் புள்ளிக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. 1989 பிப்ரவரியில் கண்ட 5178ஆவது சிறுகோளுக்கு 2008இல்தான் பெயர் வந்தது, கேரளத்தைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் பட்டாழியின் பெயர். பார்த்து 19 வருடம் கழித்து!

8348க்கு வைத்தது ஜே. சி. பட்டாச்சார்யாவின் பெயர். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் அவர், யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்த அதே நிகழ்வு அது. பாப்புவுக்குப் பிறகு நிறுவனத்தை நடத்தியவரும் அவர்தான். காவலூரில் 2014இல் வந்த 1.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் அவர் பெயர்.

ராமானுஜன் பெயர் பொருத்தமானதா என்று சிலர் கேட்பார்கள், கணித மேதைக்கும் சிறுகோளுக்கும் என்ன சம்பந்தம் என்று. அவருடைய நூற்றாண்டு 1987 டிசம்பர் 22, சிறுகோள் கிடைத்ததற்கு இரண்டு மாதம் முன்னால். அதைவிட நெருக்கமான ஒரு கண்ணி இருக்கிறது. 1913 பிப்ரவரியில் ராமானுஜன் மதராஸ் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா. அப்போது இந்தியாவின் வானாய்வகங்களுக்கெல்லாம் தலைமை அதிகாரியான கில்பர்ட் வாக்கர் மதராஸுக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்தவர் அவர். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்கு ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார். வாக்கர் உடனே மதராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, இந்த இளைஞர் பிழைப்புக் கவலை இல்லாமல் சில வருடம் முழு நேரமும் கணிதத்தில் செலவிட வழி செய்யுங்கள் என்று பரிந்துரைத்தார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அதற்குப் பிறகு வந்தது. ஆக ராமானுஜனைக் குமாஸ்தா நாற்காலியிலிருந்து எழுப்பிய கைகளில் ஒன்று வானாய்வகத் தலைவருடையது.

இன்றைக்குப் பதிவான சிறுகோள்கள் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஹவாயிலும் அரிசோனாவிலும் இருக்கும் தானியங்கித் தொலைநோக்கிகள் இரவெல்லாம் வானத்தைப் படம் பிடிக்க, நகரும் புள்ளியைக் கணினியே பிடித்துக் கொடுத்துவிடுகிறது.

4130ஆவது சிறுகோளைக் கண்ணால் பார்க்க நினைத்தால் நடக்காது, ரொம்ப மங்கல், நல்ல கேமரா வேண்டும். ஆனால் நுங்கம்பாக்கத்து ஆசியாவை ஆறு அங்குலத் தொலைநோக்கியில் பார்க்கலாம், அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும் மாதங்களில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்திலிருந்து. எந்த ராசியில் இருக்கிறது என்பதை இலவச வானியல் செயலிகளே சொல்லும். செயலியைப் பார்த்துக் கட்டத்தைக் கண்டுபிடித்த பிறகு போனை அணைத்துவிடுங்கள். ஒரு தாளில் பென்சிலால் கண்ணுக்குப் பட்ட புள்ளிகளை எல்லாம் குறியுங்கள், எது சிறுகோள் என்று யோசிக்க வேண்டாம். தாளில் தேதியும் நேரமும் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு அதே கட்டத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பி, நேற்றைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிடுங்கள். ஒன்று இடம் மாறியிருக்கும்.